இரண்டு வாரத்துக்கு என்று கொடுத்த சாவி

எங்கள் மலையூர் நாக்ராவாவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்த கதையை யார் சொன்னாலும் என் பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான், மார்ட்டி பேடன். இங்கிலாந்தில் மண் தோண்டிச் சேர்த்த காசில் ஒரு பழைய ஜேசிபி வாங்கி ஊர் திரும்பினேன். 1969இல் நாலு மைல் பள்ளமும் அந்த வண்டி வெட்டியதுதான். இதைச் சொல்லிவிட்டால் என் மனம் அடங்கிவிடும், இனி டீலியா மன்னெலியைப் பற்றி எழுதுகிறேன்.

அவள் மலைமேல் கடைசி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் டாம் வருடத்தில் பதினோரு மாதம் பர்மிங்காமில் இருப்பான். கிணறு அரை மைல் கீழே. அவளுக்கும் மாடுகளுக்குமாக இரண்டு வாளியோடு நாளுக்கு ஆறு நடை. ஒரு நாள் வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஊருக்குக் குழாய் கேட்டுக் கையெழுத்து வாங்கக் கிளம்பினாள். ஐம்பத்திரண்டு வீடு. அதற்கே இரண்டு வருடம் ஆயிற்று.

"குழாய் வந்தா பின்னாலயே வரியும் வரும் டீலியா," என்றான் சன்னி லவெல், கதவைப் பாதிதான் திறந்து. "எங்கம்மா கிணத்துத் தண்ணி குடிச்சே தொண்ணூறு வயசு இருந்தா."

"குடிச்சது உங்கம்மா. தூக்கினது யாரு, நீயா?"

"தங்கச்சி."

"அப்ப அவளக் கூப்பிடு. அவ கையெழுத்துப் போடட்டும்."

குழாய் வந்தது. ஊர்த் தொட்டியையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்ள வைத்த ஆள் நாலு வருடத்தில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டான். தண்ணீர்க் கமிட்டித் தலைவர் நான்தான். வால்வு திருகும் நாலடி இரும்புச் சாவியை டீலியா கையில் கொடுத்து, "ரெண்டு வாரம் வச்சுக்கோ, ஆள் பாத்துடுறோம்," என்றேன்.

முப்பத்தேழு வருடம் வைத்திருந்தாள். எங்கே உடைந்தாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சாவியின் ஒரு முனையை வால்வில் ஊன்றி மறுமுனையில் காதை வைப்பாள். மண்ணுக்கடியில் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவாள். சம்பளம் கிடையாது, கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித் தொடை. ஒவ்வொரு ஜனவரியும் பூசைக்குப் பிறகு நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, "வேற ஆள் பாருங்கப்பா, முட்டி போயிடுச்சு," என்பாள். யாராவது, "பழைய கமிட்டியே தொடரட்டும்," என்பார்கள். இன்னொருவர் வழிமொழிவார். அதற்குள் தேநீர் வந்துவிடும்.

2010 டிசம்பரில் பிடித்த உறைபனி மூன்று வாரம் விடவில்லை. குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க எல்லோரும் குழாயைக் கொஞ்சம் திறந்து விட்டுவிட்டுப் படுத்தோம். தொட்டி இறங்கிக்கொண்டே போனது. மட்டம் குறைந்தால் முதலில் நிற்பது உயரத்திலிருக்கும் டீலியா வீட்டுக் குழாய். அறுபத்தைந்து வயதில், ஊரோடு திரும்பிவிட்ட டாம் படுக்கையில் கிடக்க, அவனைத் துடைத்துவிடக் கிணற்றுப் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் தூக்கினாள். மீதி நேரம் வீடு வீடாகப் போய்க் குழாயை மூடச் சொன்னாள்.

"நூல் மாதிரிதான் விட்டிருக்கேன்," என்றான் சன்னி.

"அம்பத்திரண்டு வீட்லயும் அதே நூல்தான் ஓடுது சன்னி."

என் வீட்டுக்கும் வந்தாள். இந்தப் பக்கத்தில் நாலு குளியலறை உள்ள வீடு என்னுடையது ஒன்றுதான்.

"நாலும் ஓடுதா மார்ட்டி?"

"ரெண்டுதான்."

அவள் திரும்பி நடந்தாள். பெருமூச்சு விடக்கூட அவளுக்குத் தெம்பில்லை என்று பட்டது. அவள் வளைவைத் தாண்டும் வரை குழாயை மூடி வைத்திருந்தேன்.

ஜனவரிக் கூட்டத்தன்று காலையில் ஊர் முழுக்கக் குழாய் வறண்டது. கூட்டம் நடந்த கூடத்தில் தேநீருக்கும் தண்ணீர் இல்லை. டீலியா சாவியை மேசைமேல் வைத்தாள்.

"மெயின் வால்வ மூடிட்டேன். தொட்டி நிறையணும், சாயங்காலம் திறக்கலாம். திறக்கறது நான் இல்ல. வேணும்கிறவங்க சாவிய எடுத்துக்கங்க."

"பழைய கமிட்டியே..." என்று ஒரு குரல் தொடங்கி நின்றது. எல்லோரும் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வால்வு எங்கெங்க இருக்குன்னு உன்னத் தவிர யாருக்கும்மா தெரியும்?" என்று ஃபாதர் கேட்டார்.

சன்னி தலையை நிமிர்த்தினான். "மார்ட்டிக்குத் தெரியும் ஃபாதர். நாப்பது வருஷமா பப்ல வேற பேச்சே இல்ல. அந்தக் குழாயோட ஒவ்வொரு கஜமும் தன் கையில பாடமாம்."

கூடமே சிரித்தது. டீலியா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குகிற வழக்கம் எனக்கில்லை. எழுபத்துமூன்று வயதில் சாவியை எடுத்துக்கொண்டேன்.

காலையில் அவள் தோண்டிய தடத்தைப் புதுப்பனி மூடியிருந்தது; சாயங்காலம் மெயின் வால்வைத் தேடி சன்னி லவெலின் வேலியோரம் அரை மணி நேரம் பனியைக் கொத்தினேன். பாறைதான் இருந்தது. வேலியை யாரோ நகர்த்தியிருக்க வேண்டும், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். மேட்டிலிருந்து கம்பளிக் கோட்டோடு டீலியா இறங்கி வருவது தெரிந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள்.

"அங்க இல்ல. ரெண்டடி இடப்பக்கம்."

அங்கேதான் இருந்தது. திருகினேன். சாவி வழியாகத் தண்ணீர் போகும் அதிர்வு கைக்கு வந்தது.

"இன்னும் பதினோரு வால்வு இருக்கு," என்றாள். "நாளைக்குப் பத்து மணிக்கு வா."

ஆறு வருடம் சாவி என்னிடம் இருந்தது. ஒவ்வொரு உடைப்புக்கும் நான்தான் போனேன், ஊருக்கே தெரியும். போகும்போது மலையேறி அவளையும் காரில் கூட்டிக்கொண்டு போனதும் ஊருக்குத் தெரியும். ஒரு நாள் மழையில் வயலோரம் நின்றபடி சொன்னாள்:

"சாவிதான் மார்ட்டி உன்கிட்ட வந்திருக்கு. வலிக்கிற முட்டி இன்னும் என்னுதுதான்."