உப்பு லாரிக்காரனுக்கு வந்த அழுகை

என் தங்கை எஃபியின் புருஷன் டார்மட் சரியான கல்லுளிமங்கன். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் முப்பத்திரண்டு குளிர்காலம், பனி உறைந்து வழுக்காமல் இருக்க ரோட்டுக்கு உப்பு போடும் லாரி ஓட்டினான். பெற்ற தாயின் சவப்பெட்டியைக் கயிறு பிடித்துக் குழிக்குள் இறக்கும்போதுகூட அவன் மூக்கை உறிஞ்சியது குளிருக்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரின் ஓய்வு நாள், துணி உலர்த்தக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். இவன் அன்றைக்குப் பார்த்து ரோட்டோரக் கொடியில் தன் உள்ளாடைகளை வரிசையாகத் தொங்கவிடுவான். எஃபியைக் காரில் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்து முந்தின நாள் பேப்பர் படிப்பான். உள்ளே அவள் இவன் மனம் திரும்ப வேண்டும் என்று ஜெபம் பண்ணுவாள். முப்பது வருஷம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் பெரிய மதிப்பு இருந்ததில்லை.

போன மார்ச்சில் அவன் நாக்கு தடித்தது. வலது கையில் பிடி தளர்ந்தது. உடம்பை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய் என்று இன்வர்னெஸ் நகரத்து டாக்டர் சொன்னார். கை போகும், கால் போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சு. குணமாக்க மருந்து இல்லை. டார்மட் டீசல் விலையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டான். டாக்டர் நோயைப் பற்றி ஒரு கையேடும் கொடுத்தார். எஃபி அதைப் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பைபிளை மட்டும் தினமும் எடுத்தாள்.

இலையுதிர்காலத்துக்குள் அவனால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. கிளாஸ்கோவிலிருந்து ஓய்வு பெற்று வந்து பக்கத்து வீட்டில் சும்மா இருந்த நான்தான் டிரைவர் ஆனேன். தனியாகக் காரில் விட்டால் எச்சில் புரையேறிச் செத்துவைப்பான் என்று சக்கர நாற்காலியோடு அவனைக் கோயிலுக்குள் தள்ளிக்கொண்டு போனோம்.

எங்கள் சபையில் வாத்தியம் கிடையாது. ஒருவர் பைபிள் சங்கீதப் பாட்டு ஒன்றின் வரியை எடுத்துக்கொடுப்பார், சபை அதை இழுத்து இழுத்துப் பாடும். இரண்டாவது வரியில் டார்மட் அழ ஆரம்பித்தான். வாய் கோணி, தோள் குலுங்கி, குழந்தை மாதிரி. முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊரில் பாவத்தை உணர்ந்து ஒருவன் கோயிலில் அழுதால் 'கவலை பிடித்துவிட்டது' என்பார்கள். அதுதான் மனம் திரும்பியதற்கு அடையாளம்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. திங்கள் மத்தியானத்துக்குள் எஃபியின் சமையலறையில் பதினோரு தட்டு ஸ்கோன் ரொட்டி. முப்பது வருஷமாக ரோட்டில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட சபை மூப்பர் அலாஸ்டர், டார்மட்டின் செத்த கையைப் பிடித்து உலுக்கினார்.

"சகோதரா, எவ்வளவு பெரிய மீன் வலையில விழுந்திருக்கு."

மீன் பேசினாலும் அவருக்குப் புரிந்திருக்காது. நாக்கு அவ்வளவு குழறியது. எனக்கும் எஃபிக்கும் மட்டும்தான் பழக்கத்தில் புரியும்.

இந்தப் பரிசுத்தவான்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. டோஸ்ட் கருகினதற்கும் அவன் அழுதான். வானிலை அறிக்கைக்கு அழுதான். பக்கத்துத் தோட்டக்காரனின் பசு செத்த செய்திக்கு மூச்சு முட்டச் சிரித்தான். எனக்குச் சந்தேகம் தட்டி, வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் ஷோனக்கை வாசலில் பிடித்தேன்.

"அழுகையா? அதுவும் இந்த நோயோட வேலைதான் பெக்கி. அழுகை சிரிப்பையெல்லாம் மூளை ஒரு பிடியில வச்சிருக்கும். அந்தப் பிடி விட்டுப் போச்சு. துக்கம் இல்லாமலே அழுகை வரும், சந்தோஷம் இல்லாமலே சிரிப்பு வரும். கையேட்டுல போட்டிருக்கே, யாரும் படிக்கலயா?"

"இந்த வீட்டுல ஒரே புத்தகம்தான் படிப்பாங்க."

"மாத்திரை இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லி எழுதி வாங்கறேன். முக்கால்வாசி நின்னுரும்."

மறுவாரம் ஷோனக் என் கையில் மாத்திரையைக் கொடுத்தாள். எஃபி இல்லாத நேரம் பார்த்து விஷயத்தைச் சொல்லி நீட்டினேன். டார்மட் விழுங்க மறுத்தான்.

"எஃபிகிட்ட சொல்லாத. சந்தோஷமா இருக்கா. கொஞ்ச நாள் அழுதுக்கறேன். காசா, பணமா?"

"அத்தனை வருஷம் வீம்பு பிடிச்சிட்டு இப்ப நாடகம் போடறியா?"

"வாயால நான் ஒண்ணும் சொல்லலயே. கண்ணு பாட்டுக்கு அழுவுது. அவங்க பாட்டுக்கு நம்பறாங்க."

லாரிக்காரன் வக்கீலாகிவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஃபியோ அந்த நாட்களில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். அறுபத்தாறு வயசில் முகம் பளபளவென்று ஆகியிருந்தது. அதையும் எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மாத்திரைப் பெட்டியை எஃபியின் அலமாரியில் தேயிலை டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

திருவிருந்து வாரம் வந்தது. புதிதாக அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிறவனை மூப்பர்கள் முதலில் விசாரித்தாக வேண்டும். நடக்க முடியாதவன் என்பதால் அலாஸ்டரும் இன்னொரு மூப்பரும் கறுப்புக் கோட்டோடு வீட்டுக்கே வந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம். எஃபி நல்ல கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

அலாஸ்டர் நீளமாக ஜெபித்தார். பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"டார்மட், நீ பேசிச் சிரமப்பட வேண்டாம். ஒரே கேள்வி. கிறிஸ்துவை உன் ரட்சகரா மனசார ஏத்துக்கிட்டியா? தலையை ஆட்டினாப் போதும்."

இதுவரை கண் அழுதது, அது அவன் பொறுப்பில்லை. தலை ஆடினால் அது அவனேதான். அவன் எஃபியைப் பார்த்தான். அவள் டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத முரடன், தலையை ஆட்டக் குனிய ஆரம்பித்தான்.

"தலையாட்டாத," என்றாள் எஃபி.

மூப்பர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வடிகட்டியை வைத்துவிட்டு அலமாரிக்குப் போனாள். மாத்திரைப் பெட்டியை எடுத்துவந்து அவர்கள் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"தேயிலை எடுக்கப் போறப்ப நாலு நாள் முன்னாடி பார்த்தேன். உள்ள இருந்த காகிதத்தைப் படிச்சேன். டாக்டர் குடுத்த கையேட்டையும் படிச்சேன். அவர் அழுதது நோய். ஆண்டவர் தொட்டதால இல்ல."

அலாஸ்டர் சளைப்பாரா? தொண்டையைச் செருமினார்.

"எஃபி, ஆண்டவர் நரம்பு வழியாவும் வேலை செய்வார். எதுக்கு அவசரப்படறே?"

"முப்பது வருஷமா நான் கேட்டது இது இல்ல," என்றாள் அவள். "எனக்காக அவர் பொய் சொல்லிட்டுப் போகக் கூடாது. அவர் எப்படியோ அப்படியே போகட்டும்."

அந்த நேரம் பார்த்து டார்மட்டுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்க, எச்சில் வழிய, நிறுத்த முடியாத சிரிப்பு. அதுவும் நோய்தான் என்று நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. மூப்பர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு டீ குடிக்காமலே கிளம்பினார்கள். மறுநாள் முதல் அந்த வீட்டுக்கு ஒரு ஸ்கோன்கூட வரவில்லை. கண்ணீர் இருந்தவரை சகோதரன். அது நோய் என்றானதும் பழைய உள்ளாடைக்காரன். தூ.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லவேண்டும். கதவு சாத்தியதும் எஃபி அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் தலை வைத்து அழுதாள். சத்தமே இல்லை. முப்பது வருஷ ஜெபத்தைத் தன் கையாலேயே எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டவளின் அழுகை. இவளை ஏமாளி என்று இத்தனை காலம் நினைத்த எனக்கு வெட்கமாக இருந்தது.

டார்மட்டின் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று. இரண்டு கையும் மடியில் கட்டையாகக் கிடந்தன. என்னைப் பார்த்து நாலைந்து தடவை முயன்று ஒரு வாக்கியம் சொன்னான்.

"பெக்கி, என் கையைத் தூக்கி அவ மேல வை."

தூக்கி வைத்தேன். கனமாக இருந்தது. வழுக்கிவிடாமல் இருக்க, அவள் அழுது முடிக்கும்வரை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.