பிள்ளையாருக்குப் போன பூ

என் மருமகள் யமுனா பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை பார்க்கிறாள். தினமும் கொண்டையை இறுக்கி, வலை மாட்டி, ஊசி குத்திக்கொண்டுதான் கடையில் நிற்க வேண்டும். இவளுக்கோ சுருட்டை முடி. இழுத்து இழுத்து நெற்றியோரம் வழுக்கை விழுந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்றால் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருப்பாள். பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும்.

அதே கடையில் இன்ஷா என்று ஒரு பெண். முக்காட்டுக்குள்ளே இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி.

"தலைக்கு என்னடி தடவுற?" என்று யமுனா கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணும் தடவலக்கா. சும்மா விட்டுடுறேன். நீங்கதான் அதுகூட தினமும் சண்டை போடுறீங்க."

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். வாரம் ஒரு நாள் தலைக்குக் குளியல். ஈரத்தோடு எண்ணெய் தொட்டு, விரலாலேயே நுனியிலிருந்து சிக்கெடுத்து, அகலப் பல் சீப்பால் ஒரு தடவை சீவுவாள். தளர்வாகப் பின்னி நுனியை உள்ளே மடித்துவிட்டால், அடுத்த குளியல் வரை அவிழ்க்கமாட்டாள். கடைக்குப் போகும்போது அந்தப் பின்னலையே சுருட்டி வலைக்குள் வைத்துக்கொள்வாள். தூங்கும்போது பழைய பட்டுத்துணியால் ஒரு கட்டு.

"தலை சீவாம வெளக்கேத்தாதடி" என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

சிக்கல் பூவில் வந்தது. என் மகன் ஜெயக்குமாருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து ஷிப்ட் விட்டு வரும்போது வண்டியில் ஒரு பூப்பொட்டலம் தொங்கும். முல்லை, நடுநடுவே மரிக்கொழுந்து. பூக்கார அமிர்தத்திடம் சொல்லி வைத்துக் கட்டி வாங்குவான். அவனே அவள் தலையில் வைத்தும் விடுவான். ஆசையாக நாலு வார்த்தை பேச வராது அவனுக்கு. அந்தப் பூதான் பேச்சு.

புதுச் சட்டம் வந்த வாரம், பூவோடு கிட்ட வந்தவனை, "ஐயோ, தொடாதீங்க! ஊசி குத்தினா முடி அறுந்துடும்" என்றாள். பூ சாமி படத்துக்குப் போனது. மறுநாளும் அப்படியே. பிறகு ஒரு நாள் வெறுங்கையோடு வந்தான்.

"பூ எங்கடா?" என்றேன்.

"கடையில கூட்டம்மா."

அந்தக் கூட்டம் கலையவே இல்லை.

எதிர்வீட்டு ராசாத்தி சும்மா இருப்பாளா? "என்ன யமுனா, வீட்டுக்காரரோட சண்டையா? வெள்ளிக்கிழமையும் வெறுந்தலையா போற?"

"முடி வளக்குறேன்க்கா."

"வளத்து என்ன பண்ணப் போற, பூ வைக்கத்தானே?"

யமுனாவுக்குச் சுருக்கென்றது. அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் சட்டத்தை மாற்றவில்லை.

முடி வளர்ந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். ரெண்டு வருஷத்தில் நெற்றியோரம் புதுமுடி முளைத்து, பின்னல் இடுப்பைத் தொட்டது.

போன மாதம் பஸ் கிடைக்காமல் பாலத்துப் பக்கமாக நடந்து வந்திருக்கிறாள். வழியில் பிள்ளையார் கோயில். கும்பிடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளையார் கழுத்தில் முல்லை, நடுநடுவே மரிக்கொழுந்து.

"இது யாரு சாமி சாத்தினது?" என்று பூசாரியிடம் கேட்டிருக்கிறாள்.

"ஒர்க்‌ஷாப்காரர் ஒருத்தர்ம்மா. தினமும் கொண்டாந்து குடுப்பார். வேண்டுதலான்னு கேட்டேன். 'வீட்ல வச்சுக்கிறதில்ல, வாங்கிப் பழகிட்டேன்'னார்."

அடுப்படியில் வந்து என்னிடம் சொன்னாள். "ரெண்டு வருஷம் அத்தை. முடி ஒடஞ்சிடுமேன்னு பாத்தேன். அவர் மூஞ்சியைப் பாக்கல."

நான் சமாதானம் சொல்லவில்லை. "நாளைக்குப் போய் அங்க நில்லு" என்றேன்.

போய் நின்றாள். வலையை எடுத்துவிட்டு, பின்னலை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு. வண்டியை நிறுத்திவிட்டு வந்தவன் அவளைப் பார்த்ததும் பொட்டலத்தைப் பின்னால் மறைத்திருக்கிறான்.

"பிள்ளையாருக்கு வாங்கினது" என்றானாம்.

"அவருக்குப் பாதி போதும்." முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "ஊசி வேணாங்க. பின்னல் இடுக்குல சொருகிவிட்டாப் போதும்."

பூ தலைக்கு வரக் காணோம். திரும்பிப் பார்த்தால், பூவைப் பிடித்துக்கொண்டு, மறு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நிற்கிறான். யாரோ வேற்று வீட்டுப் பெண்ணிடம் கேட்பதுபோலக் கேட்டானாம்:

"தொடலாமா?"

இப்போது வீட்டுக்குப் பூ வருகிறது. ஆனால் தினமும் அவன் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறான். கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். பூ வைக்க வசதியாக என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.