வடக்கு ஜன்னலில் வெயில்

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். ஆபீசில் சூரியகாந்தி என்பார்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கழுத்து தானாக ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். கல்யாண வீட்டில் எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்தால், இவள் பளிங்குத் தரையில் விளக்கு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பாள். "வந்த இடத்துல சும்மா உக்காரவே தெரியாதா உனக்கு?" என்று கேட்டுக் கேட்டு அவள் கணவன் ஓய்ந்துபோனான். தெரியாதுதான். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை சுவரைத் தடவும்.

இன்னும் கட்டாத வீட்டின் அறைகளைக் கட்டிமுடித்த மாதிரி கம்ப்யூட்டரில் படமாக்குவது அவள் வேலை. அந்தப் படத்தைக் காட்டித்தான் பில்டர்கள் வீடு விற்கிறார்கள். ஒரு ஹால் படத்தை முதலாளி பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பொம்மை வீடு மாதிரி இருக்கு? உயிரே இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினார்.

அது போதும் அவளுக்கு. வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். மேஜையின் விளிம்புகளை லேசாக மழுக்கினாள்; நிஜ மேஜைக்கு அவ்வளவு கூர்மை ஏது? சோபா மெத்தையில் யாரோ இப்போதுதான் எழுந்துபோன குழி. சுவிட்ச் பலகையைச் சுற்றி விரல் அழுக்கு, தெரிந்தும் தெரியாமலும். சுவரின் வெள்ளையையும் கொஞ்சம் குறைத்தாள், ஏனென்றால் சுத்த வெள்ளைச் சுவரை அவள் எந்த வீட்டிலும் கண்டதில்லை. அப்படியும் படம் அழுமூஞ்சியாகவே இருந்தது. எல்லாம் அந்த ஜன்னலால் வந்த வினை. அது வடக்கு பார்த்தது. எதிரே கையெட்டும் தூரத்தில், அதே பில்டர் எழுப்பப்போகும் அடுத்த பிளாக்கின் மொட்டைச் சுவர்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பொருளின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கண் அடையாளம் உண்டு. அதைத் தட்டினால் பொருள் மறைந்துவிடும், மறுபடி தட்டினால் திரும்ப வரும். அடுத்த பிளாக்கின் கண்ணை ஒரு தட்டுத் தட்டினாள். கட்டடம் போயே போச்சு. சூரியனை இழுத்து வந்து ஜன்னலுக்கு நேரே தாழ்வாக வைத்தாள். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இதை யாரும் பொய் என்பதில்லை, 'மூட்' என்பார்கள். தரையில் வெயில் பாய் விரித்த மாதிரி விழுந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் அக்கா போன் பண்ணினாள். "ஏய், வீடு முடிவாயிடுச்சு! நாளைக்குக் கையெழுத்து. படம் அனுப்பியிருக்கேன் பாரு. அம்மா கட்டில் அந்த ஜன்னலோரம்தான். வெயில் எப்படி அடிக்குது பாத்தியா?"

படத்தைத் திறந்தாள். அவளுடைய சோபா. அவள் போட்ட குழி. இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து அம்மா அக்கா வீட்டு உள்ளறையில்தான் கிடக்கிறாள்; பட்டப்பகலிலும் அங்கே டியூப்லைட். உடம்பில் கொஞ்சம் வெயில் படவேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்டதில்லை.

"நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டாள் சின்னவள். சொன்ன வாயைக் கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதன்பின் இருப்புக்கொள்ளவில்லை. காபி எடுக்கப் போய் வெறும் கோப்பையோடு திரும்பினாள். அக்காவே இடத்தைப் பார்த்திருப்பாளே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அங்கே இன்னும் தூண்கள்தான் நிற்கின்றன, பார்க்க என்ன இருக்கிறது? கடைசியில் பழைய ஃபைலைத் திறந்து, அடுத்த பிளாக்கின் கண்ணைத் தட்டி, சூரியனை அதன் இடத்துக்கே அனுப்பினாள். படம் வந்தது. பகல் பதினோரு மணிக்குச் சாம்பல் பூத்த ஒரு ஹால். இவ்வளவு தத்ரூபமாக அவள் இதுவரை எதையும் செய்ததில்லை. அதை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

அரைநாள் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

அவள் போனில் இரண்டு படத்தையும் பார்த்த அக்கா சீறினாள். "காலையில நல்லாருக்குன்னு சொன்ன வாய்தானே இது? உனக்கு எதுலயாவது குறை கண்டுபிடிக்கலன்னா தூக்கம் வராதே!"

"பொய் சொன்னேன்க்கா. அந்தப் படம் நான் செஞ்சது. ஜன்னலுக்கு எதிர்ல இன்னொரு கட்டடம் வருது. நான்தான் மறைச்சேன். வெயிலும் நான் வச்சதுதான். அங்க வெயிலே வராது."

கட்டிலில் கிடந்த அம்மா கையை நீட்டி போனை வாங்கி, வெயில் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு அவமானத்தில் காது சுட்டது.

அக்கா போனைப் பிடுங்கி, அங்கேயே நின்றபடி விற்பனை ஆபீசுக்கு அடித்து, வீடு வேண்டாம் என்றாள். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் தேனாகப் பேசியது. "பரவாயில்லை மேடம், ஒரு கஷ்டமும் இல்ல. அந்த வீட்டுக்கு இன்னொரு குடும்பம் காத்துக்கிட்டு இருக்காங்க. படத்தைப் பாத்ததுலேருந்து அந்த ஜன்னல்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க."

போன் வைக்கப்பட்டது. சின்னவள் பெருமூச்சு விட்டாள், தப்பித்தோம் என்று.

அம்மா தலையை அவள் பக்கம் திருப்பினாள்.

"எங்களுக்கு நீ இருக்க, ஓடி வந்து சொல்லிட்ட. அவங்களுக்கு யாருடி போய்ச் சொல்லுவா?"