கையில் கொடுக்காத கத்தி

தசரதன் தன் மடக்குக் கத்தியை யார் கையிலும் கொடுத்ததில்லை. கேட்பது மனைவியே ஆனாலும் தரையில் வைப்பான். அவள்தான் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் சண்டை வரும் என்று வட ஆர்க்காட்டுப் பக்கம் எல்லோரும்தான் சொல்வார்கள். அவசரத்தில் மறந்தும் போவார்கள். தசரதனுக்கு மட்டும் அது மறக்கவில்லை. குடியாத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊரில், திருவிழாவுக்கு ஆடு உரிக்கும்போது அண்ணன் கையில் கத்தியைக் கொடுத்திருந்தான். அந்த வருஷமே வரப்புத் தகராறு வந்து இருவருக்கும் பேச்சு நின்றது. அடுத்து வந்தது, அண்ணன் பிளேக்கில் செத்துப்போன சேதிதான். வரப்பை நகர்த்தியது அண்ணன் என்பது ஊருக்கே தெரியும். தசரதனோ பழியைக் கத்தியின் மேல் போட்டான். செத்துப்போன அண்ணனை வைவதைவிட அது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

கோலார் தங்கவயலுக்கு வந்த பிறகு வாங்கியது இந்த மடக்குக் கத்தி. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளி விற்றுவிட்டுப் போனது. மாட்டுக்கொம்புப் பிடி, ஒரு விரல் நீள அலகு. ஊரில் வெற்றிலைக்குப் பாக்குவெட்டி, காய்க்கு அரிவாள்மணை, கதிருக்கு அரிவாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒரு மூலை. வெட்டும் வாயைத் தன் வயிற்றுக்குள்ளேயே மடக்கிக்கொண்டு இடுப்பில் தூங்குகிற கத்தியைப் பார்த்து, மனைவி பார்வதம்மா முதலில் கையால் தொடவே பயந்தாள். 1903 வாக்கில் ராபர்ட்சன்பேட்டையில் புதுக்கடைகள் எழும்பியபோது அதே மாதிரிக் கத்திகள் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாகக் கிடந்தன. அதற்குள் தசரதனின் கத்தி, சுரங்கத் தொழிலாளிகள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த லைன் முழுவதற்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. காலில் ஏறிய முள்ளா, புகையிலைக் கட்டா, பிய்ந்த செருப்பு வாரா, எல்லாவற்றுக்கும் தசரதன் வீட்டு வாசல்தான். பிரசவம் பார்க்கிற ரத்தினம்மா அதைக் கொதிநீரில் போட்டு எடுத்துத் தொப்புள்கொடிகூட அறுத்திருக்கிறாள். அவளுக்கும் தரையில்தான் வைத்தான்.

சுரங்கத்துக்குள் அந்தக் கத்திக்கு வேலை ஒன்றுதான். பாறையில் துளை போட்டு மருந்து திணித்ததும், வெடித்திரியை நேராக நறுக்க வேண்டும். தசரதன் நறுக்குவான், எதிர்வீட்டுக் கூட்டாளி ஆபிரகாம் துளையில் பொருத்துவான். ஆபிரகாம் வேதக்காரன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவன். சிரிப்பு வந்துவிட்டால் பாதிரியார் முன்னாலும் அடக்கத் தெரியாதவன். பாறைமேல் வைத்த கத்தியை ஒவ்வொரு தரமும் எடுக்கும்போது கேலி செய்வான்.

"நமக்குள்ள இன்னாடா சண்ட வந்துடப் போவுது?"

"வராம இருக்கத்தாண்டா வெக்கிறேன்," என்பான் தசரதன். அண்ணன் போன பிறகு மனசைத் திறந்து பேச அவனுக்கு இருந்தது ஆபிரகாம் ஒருத்தன்தான். அந்த ஒன்றையும் இழக்க அவன் தயாராக இல்லை.

ஒரு நாள் திரிகளைக் கொளுத்திவிட்டு இருவரும் ஏணியில் ஏறினார்கள். ஏணி இருந்தது ஒற்றை ஆள் நுழையும் பொந்தில். முன்னால் தசரதன், அவன் காலுக்குக் கீழே ஆபிரகாம். வாளி இழுக்கும் கயிறு ஆபிரகாமின் கணுக்காலில் சுருக்கு விழுந்து, அடியில் பாறைக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டது. உதறினான், இன்னும் இறுகியது. கீழே திரிகள் சீறுவது கேட்டது.

"தசரதா, கத்தி."

தசரதன் கத்தியை விரித்தான். விரித்த கை, பழக்கத்தில், பக்கத்துப் பாறை விளிம்பைத் தேடிப்போய் அங்கே வைத்தது. ஆபிரகாமின் விரல்கள் விளிம்பைத் தடவின. எட்டவில்லை.

"கையில குடுடா," என்றான். அந்தக் குரலில் கேலி இல்லை.

தசரதனுக்கு அண்ணன் முகம் வந்து போனது. கையில் கொடுத்தால் இவனும் பகையாகிப் போய்விடுவானே என்று நினைத்தான். சண்டை போட்டுப் போனாலும் போகட்டும், இங்கே செத்துப் போக மட்டும் வேண்டாம். கத்தியை எடுத்துக் குனிந்து, பிடியை ஆபிரகாமின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

கயிறு அறுந்தது. இருவரும் மேல் லெவல் சுரங்கப்பாதையில் போய் விழுந்த பிறகுதான் வெடி வெடித்தது. இருமி முடித்ததும் ஆபிரகாம் கத்தியை மடக்கித் தரையில் வைத்தான். தசரதன் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். 

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபிரகாம் கோயிலில் எழுந்து சாட்சி சொன்னான். ஆண்டவரே இருட்டில் தன் கையில் கத்தியை வைத்தார் என்றான், சபையே அழுததாம். சேதி தசரதனுக்கு வந்து சேர மத்தியானம்கூட ஆகவில்லை.

"வெச்சது நானு," என்றான் ஆபிரகாமின் வாசலில் நின்று.

"ஒன் மூலமா வெச்சாரு."

"எங்கண்ணன மனசுல வெச்சிக்கினு குடுத்தேண்டா. எம்பேர ஒரு தபா சொன்னா ஒங்க சாமி கோச்சுக்குமா?"

சாமியை இழுத்ததும் ஆபிரகாமுக்கு முகம் சிவந்தது. வார்த்தை தடித்தது. ஆபிரகாம் வேறு ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டான். எதிரெதிர் வாசல்கள்; பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பார்வதம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தசரதனுக்கும் வலித்தது, வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் விடியற்காலையில் எதிர்வீட்டிலிருந்து ஆபிரகாமின் ஜெபப்பாட்டு சுருதி தப்பிக் கேட்கும்போதெல்லாம், அது முடிகிற வரை பாயிலேயே படுத்திருப்பான். அண்ணனோடு பேச்சு நின்ற பிறகு, அவன் குரலை இப்படிக் கேட்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஆபிரகாமின் மனைவி பாக்கியவதி தயங்கியபடி வந்து நின்றாள். வீட்டில் கோழி அறுக்க வேண்டும்.

"கத்தி வேணும்ண்ணே. அவரு கேக்கச் சொல்லல, நானாத்தான் வந்தேன்."

எதிர்வாசலில் ஆபிரகாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பாக்கியவதி வழக்கப்படி தரையைப் பார்த்துக் குனிந்தாள். தசரதன் கத்தியை அவள் கையில் வைத்தான்.

"இன்னாண்ணே, கையில குடுக்கிறீங்க?"

"இன்னும் இன்னாம்மா சண்ட வரப்போவுது," என்றான் தசரதன், தெருவுக்கே கேட்கும்படி. "வரவேண்டியதெல்லாம் வந்து, எதிர்வூட்டுல உசுரோட நிக்கிது."

ஆபிரகாம் திரும்பவில்லை. ஆனால் அவன் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கொஞ்சம் பொறுத்து அந்தச் சிரிப்பு லைன் கடைசி வீடு வரை கேட்டது.