காலையில் காரமாகும் நீர்

துளியக்கா என்ற பெயர் அவளுக்கு நீச்சல் பயில வரும் பிள்ளைகள் இட்டது. நாள்தோறும் நீச்சல்குளத்து நீரைக் குடுவையில் மொண்டு, நிறம் காட்டும் மருந்தைக் கலந்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணுவாள். நீரின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு ஏழு புள்ளி நான்குக்கு இறங்க எத்தனை துளி வேண்டுமோ, அதைக் குளத்தின் கொள்ளளவுக்குப் பெருக்கினால் அன்று ஊற்ற வேண்டிய அமிலம் தெரியும். நீர் புளித்துவிட்டால் அதே கணக்கைச் சோடா உப்புக்குப் போடுவாள். அக்கணக்கு அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை.

கட்டடம் பழையது. குளத்தின் ஆழமான மூலைச் சுவருக்கு அப்பால், தரைக்குக் கீழே, பம்பு அறை. அங்கே வேலை பார்ப்பவர் அவள் கணவர்.

மழை தொடங்கியது முதல் கணக்குப் பிசகியது. மாலையில் அமிலம் ஊற்றி, கூடத்தைப் பூட்டிவிட்டுப் போவாள். காலையில் நீரின் பிஎச் எட்டைத் தாண்டி நிற்கும். எவரும் இறங்காத நீர்; எதுவும் கலவாத நீர். கூட்டி ஊற்றினாள். அப்போதும் ஏறியே நின்றது. அவள் போனபின் ஏதோ ஒன்று மெல்ல எழுந்துவந்து, அத்தனையையும் குடித்துவிட்டு வாய் துடைத்துக்கொள்வது போலிருந்தது.

நண்பகலில் பம்பு அறைக்கு இறங்கினாள். கணவர் முக்காலியில் அமர்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உன் குளத்துக்கு ரொம்பத் தாகம் போல. கட்டிக்கிட்ட நாள்லேருந்து உன் கணக்கு தப்பி நான் பார்த்ததில்ல. இப்பத்தான் எனக்கு நிம்மதி."

"கிண்டல் இருக்கட்டுங்க. இங்க ஏதாவது சத்தம் கேக்குதா?"

"சுவர்தான் எதையோ மென்னுக்கிட்டே இருக்கு. பம்பை நிறுத்தினா நல்லாவே கேக்கும். ரெண்டு நாளா வேர்க்கவும் செய்யுது. வயசாயிடுச்சுல்ல, என்னை மாதிரி."

அவள் உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். ஈரம். அதற்குள்ளே மணல் சரிவதுபோல் ஓர் அசைவு.

"பம்பை எப்ப நிறுத்துறீங்க?"

"நீ ஊத்துறதுக்கு முன்னாடியே. மழையில பஸ் சீக்கிரம் போயிடுதே, நிறுத்திட்டு வாசல்ல உனக்காக நிக்கிறேன். அதுவும் குத்தமா?"

அவள் ஈரக் கையைப் பார்த்தாள். ஓடாத நீரில் அமிலம் கலப்பதில்லை. நீரினும் கனத்த அது, அவள் வழக்கமாக ஊற்றும் அந்த மூலையில் சுவரோடு வழிந்திறங்கி, அடியில் படுத்துக் கிடக்கும். குளச்சுவரில் பதித்த ஓடுகளுக்குப் பின்னே இருப்பது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு அமிலத்தைத் தீர்க்கும், தானும் தீரும்.

கணக்கைத் தலைகீழாகப் போட்டாள். இவ்வளவு அமிலம் தீர எவ்வளவு சுண்ணாம்பு கரைந்திருக்க வேண்டும்? விடை, ஏறக்குறைய அந்த மூலைச் சுவரின் சாந்து முழுவதும்.

"எந்திரிங்க."

"ஒரு வாய்தான் இருக்கு..."

"தட்டை வெச்சிட்டு வாங்க."

மேலாளரைக் கேளாமலே வடிகுழாயைத் திறந்தாள்.

மறுநாள் வறண்ட குளத்தின் ஆழமூலையில் அவள் இறங்கி நின்றாள். ஓடுகள் தொட்டதும் உதிர்ந்தன. பின்னே செங்கற்கள் வரிசை குலையாமல் இருந்தன. அவற்றைப் பிணைத்திருந்த சாந்துதான் இல்லை. இடுக்கில் விரலை நுழைத்தாள். எஞ்சியிருந்த மெல்லிய படலம் பொடிந்தது. விரல்நுனியில் வெதுவெதுப்பான காற்றுப் பட்டது. பின்பு, யாரோ அவள் விரலைப் பற்றினார்கள்.

நீர் வடிந்தபின் கணவர் கீழே பம்பு அறைக்குப் போயிருந்தார்.

"இதுதாம்மா நான் சாயுற இடம்," என்றது சுவருக்கு அப்பாலிருந்து அவர் குரல்.

பிடித்த விரலை அவர் நெடுநேரம் விடவில்லை.