மன்னாரில் இருந்து சிலாவத்துறைக்கு: பின்னோக்கி ஓட்டிய நானூறு மீற்றர்

லைசன்ஸ் கிடைத்த ஏழாவது கிழமை, முதல் தடவையாக மன்னார் தீவுக்கு வெளியே கார் ஓட்டிக்கொண்டு போனேன். ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. மன்னாரில் எங்கள் பள்ளிமுனையில் இருந்து சிலாவத்துறை வரை என் காரின் மீற்றர் காட்டியது நாற்பத்தொரு கிலோமீற்றர். புதிதாக ஓட்டப் பழகி அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதுவரை என் ஓட்டமெல்லாம் தாழ்வுபாடு, தோட்டவெளி அளவில்தான். அந்த றோட்டுகளில் சைக்கிளும் கழுதையும்தான் அதிகம். கழுதைக்கு ஹோர்ன் அடித்துப் பயனில்லை. அது நகரும் வரை நிற்க வேண்டியதுதான். வெளிநாட்டில் இருக்கும் அண்ணா வாங்கித் தந்த பழைய சிறிய கார் அது. மூன்றாம் கியருக்கு மேல் நான் அதிகம் போட்டதில்லை.

போக வேண்டி வந்தது நபீஸா டீச்சருக்காக. நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருடைய குடும்பம் சிலாவத்துறையை விட்டுப் புத்தளத்துக்குப் போனது. அதே ஆண்டு எங்கள் குடும்பம் படகேறி இராமேஸ்வரம் போனது. போர் முடிந்து திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குள் பழக்கம். அன்று காலை பத்து மணிக்கு வீட்டுத்திட்டத்துக்காகக் காணி பார்க்க அதிகாரிகள் வருவதாகவும், காணிக்காரர் நேரில் நிற்காவிட்டால் அடுத்த பட்டியலுக்குத் தள்ளிவிடுவார்கள் என்றும் கிராம சேவகர் அவருக்குச் சொல்லியிருந்தார். அந்தப் பாதையில் காலையில் ஒரு பஸ்தான், அதுவும் வந்தால் உண்டு. நான் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

காலை 7.40க்குப் புறப்பட்டோம். பெற்றோல் ஆயிரம் ரூபாவுக்கு அடித்தேன்; போய்வரப் போதுமாக இருந்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில், தென்மேற்கில் இருந்து வரும் சோளகக் காற்று பக்கவாட்டில் அடித்துக் காரை இழுத்தது. முப்பதுக்கு மேல் போகாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். பின்னால் வந்த வான்காரர் இரண்டு பேர் ஹோர்ன் அடித்து முந்திப் போனார்கள். சோதனைச் சாவடியில் பெயர் பதிய எட்டு நிமிடம் எடுத்தது. வங்காலையைக் கடக்கும்போது 8.25.

நறுவிலிக்குளம் தாண்டியதும் றோட்டு ஒடுங்கிவிட்டது. பழைய தார் நடுவில் ஒரு வாகனம் போகும் அகலத்துக்குத்தான் மிஞ்சியிருந்தது. இரண்டு பக்கமும் மணல், அதற்கு அப்பால் பற்றைக்காடு. எதிரே வாகனம் வந்தால் ஒருவர் கரையில் இறங்கி வழிவிடுவது அங்கே வழக்கம். ஆனால் இடது கரை நெடுகிலும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன, கண்ணிவெடி இருக்கிறது என்று.

9.10க்கு எதிரே கிரவல் மண் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று வந்து நின்றது. அதன் பக்கத்துக் கரையோ பள்ளம். பாரத்தோடு இறங்கினால் கவிழும். டிரைவர் யன்னலால் தலையை நீட்டி, காரைக் கரையில் இறக்கச் சொன்னார். தினமும் எல்லோரும் இறக்குகிற இடம்தானாம், ஒன்றும் இல்லையாம். மணலில் டயர் தடங்களும் தெரிந்தன. நான் பலகையைக் காட்டினேன். அவர் ஹோர்னில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தினார்.

நபீஸா டீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இறக்கிப் போடுங்கோ டீச்சர். தடம் கிடக்குத்தானே. எனக்கு நேரம் போகுது."

இருபது வருடம் காத்திருந்தவர் அவர். அவர் சொல்லும்போது மறுப்பது, டிரைவருக்கு மறுப்பதை விடக் கஷ்டமாக இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் இறக்கமாட்டன். பின்னுக்குப் போறன்" என்றேன்.

கடைசியாகக் கடந்து வந்த அகலமான இடம் ஒரு மதகடியில் இருந்தது, ஏறத்தாழ நானூறு மீற்றர் பின்னால். என் வாழ்க்கையில் நான் பின்னோக்கி ஓட்டிய அதிக தூரம் எங்கள் வீட்டுப் படலையில் இருந்து றோட்டு வரை. நபீஸா டீச்சர் கதவைத் திறந்து தாரிலேயே கால் வைத்து இறங்கினார். காருக்குப் பின்னால், தாரின் நடுவில் நடந்தபடி, அபாயா காற்றில் அடிக்க, இடம் வலம் என்று கையைக் காட்டினார். முதல் நூறு மீற்றரில் ஐந்து தடவை கோணலாகி நின்றேன். ஒவ்வொரு தடவையும் முன்னுக்கு எடுத்து நேராக்கிவிட்டுத் திரும்பப் பின்னுக்குப் போனேன். கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பாதி தூரத்துக்குப் பிறகு பின் சில்லு எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே தெரியத் தொடங்கியது. டிப்பரும் ஹோர்னை நிறுத்திவிட்டு ஊர்ந்து வந்தது. மதகடியில் ஒதுங்கியபோது 9.35. டிரைவர் எங்களைப் பார்க்காமல் போய்விட்டார்.

அரிப்பைத் தாண்டி சிலாவத்துறையில் நபீஸா டீச்சரின் காணிக்குப் போகும்போது 10.25. அதிகாரிகள் பத்து மணிக்கே வந்து ஐந்து நிமிடம் காத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊரான கொண்டச்சிக்குப் போய்விட்டதாக அடுத்த காணிக்காரர் சொன்னார். நபீஸா டீச்சர் அத்திவாரக் கல் மட்டும் மிஞ்சிய பழைய வீட்டின் முன்னால் சிறிது நேரம் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு காரில் ஏறிக் கொண்டச்சிக்குப் போகச் சொன்னார். அவசரம் என்று தெரிந்தும் நாற்பதைத் தாண்டவில்லை. அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அங்கே பாடசாலை மண்டபத்தில் அதிகாரிகளைப் பிடித்தோம். நபீஸா டீச்சர் காணி உறுதியையும் அந்தக் காலத்துக் கிராம சேவகரான விதானையின் கடிதத்தையும் மேசையில் வைத்து, றோட்டில் நடந்ததைச் சொன்னார். அவர்களில் பெரிய அதிகாரி கொஞ்சம் முறுக்கினார். பிறகு மத்தியானம் அந்த வழியால்தான் திரும்புவதாகச் சொன்னார். 1.15க்குக் காணிக்கு வந்தார்கள். நாடா பிடித்து அளந்து பெயரை எழுதிக்கொண்டு போகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பும்போது அதே ஒடுக்கமான இடத்தில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். காரை நிறுத்தி, மேற்பார்வை செய்யும் பெண்ணிடம் பலகை நின்ற கரையைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தப் பக்கம் முடிஞ்சு பத்து நாள் அக்கா. பரிசோதிச்சுக் கடிதம் வந்தாத்தான் பலகையை எடுப்பம்" என்றார்.

அப்படியென்றால் காலையில் இறக்கியிருந்தாலும் ஒன்றும் நடந்திராது. டிரைவர் சொன்னது சரி. எனக்குக் காது சூடாகிவிட்டது. நபீஸா டீச்சரின் பக்கம் திரும்பாமல் கியரைப் போட்டேன். ஒரு கிலோமீற்றர் போன பிறகு அவர்தான் பேசினார்.

"இது இப்ப பின்னேரம்தானே தெரியுது. காலையில எங்களுக்குத் தெரியாது."

கைப்பையில் இருந்து பிஸ்கற் பக்கற்றை எடுத்துப் பிரித்து நடுவில் வைத்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஏழு மணிக்கு முன் புறப்பட்டால் தாம்போதியில் காற்றும் குறைவு, டிப்பர்களும் குறைவு. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வங்காலைக்குப் பிறகு பெற்றோல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஒடுங்கிய றோட்டில் அகலமான இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மீற்றரைப் பாருங்கள்; திரும்பிப் போக வேண்டி வந்தால் எவ்வளவு தூரம் என்று தெரியும். பலகை நிற்கும் கரையில் யாருடைய தடம் கிடந்தாலும் இறக்காதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட இறங்காதீர்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பவருக்கு உங்களை முந்த மட்டும்தான் உரிமை, உங்கள் காரை ஓட்ட உரிமை இல்லை. போகும் காரியம் பத்து மணிக்கு என்றால், எட்டரைக்கு அங்கே நிற்கிற மாதிரிப் புறப்படுங்கள். அன்று நான் விட்ட பிழை அதுதான்; டிப்பரில் பழி போட்டுப் பயனில்லை.

அதன் பிறகு மாதத்தில் இரண்டு தடவையாவது அந்தப் பாதையில் ஓட்டுகிறேன். அன்று மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்த தூரம் இப்போது ஒன்றரை மணித்தியாலம். நபீஸா டீச்சரின் காணியில் புது அத்திவாரம் வெட்டியாயிற்று. போன கிழமை அவரும் மன்னாரில் கார் பழகப் பெயர் கொடுத்திருக்கிறார். பயமில்லையா என்று கேட்டேன். பயம் இருக்கு, அது இருக்கட்டும் என்றார்.