திருகாணியைத் திருப்பிய கை

நானுஓயாவுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் இஞ்சின் டிரைவராக இருந்தேன். எல்லா யந்திரங்களும் அங்கிருந்த ஒரே டீசல் இஞ்சினை நம்பித்தான் ஓடின. தை மாதத்துப் பனியில் அது விறைத்துக் கிடக்கும். காலையில் எழுப்ப வேண்டுமானால் வழக்கத்தைவிடக் கூடுதலாக எண்ணெய் பாய வேண்டும். அந்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் பம்பின் பக்கத்தில் ஒரு திருகாணி இருந்தது. பனி தொடங்கியதுமே நான் அதைத் தளர்த்தி வைத்துவிடுவேன்.

அந்த வருடம் ஒரு காலையில் இஞ்சின் பிடிக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றதுதான் மிச்சம். பார்த்தால் திருகாணி இறுகியிருந்தது. சரிசெய்தேன். சில நாளில் மறுபடியும் அதே கதை. தானாக இறுகுகிற ஆணி அல்ல அது.

இஞ்சின் அறைக்கு வந்துபோகிறவர்களையெல்லாம் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தேன். காவல்காரர் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். திருகாணியின் மேல் கிரீஸ் தடவி வைத்தேன். அதில் விரல் தடம் விழுந்தது. என் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது என்னுடையதைவிட மெல்லிய விரல்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் சந்தேகமோ என்மேல்தான். அப்போதுதான் நான் தொழிற்சங்கத்தில் சேர்ந்திருந்தேன்.

"சங்கம் சொல்லித்தான் நிப்பாட்டுறியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். இன்னொரு தடவை நின்றால் வேலையை விட்டு நிறுத்தி, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணவைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். லயத்துக் காம்பராவில் என் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் இஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனவன், மழை பிடித்துக்கொள்ளவே பாதி வழியில் திரும்பினேன். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் பம்பின் முன்னால் குந்தியிருந்தார். மெல்லிய விரல்களில் என் ஸ்பேனர்.

"ஐயா, நீங்களா?" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "கரும்புகை கொழுந்து வாட்டுற மாடிக்குப் போகுது. தேயிலையில புகை வாசம்னு கொழும்புல கொற சொல்லிட்டாங்க. அதான் எண்ணெயக் கொறைச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேங்க."

"நீ சங்கத்து ஆளு. புகை வாசம் என் தப்புன்னு தொரகிட்ட என்னைய மாட்டிவிட்ருவியோன்னு பயந்தேன்."

எழுப்பும்போது மட்டும்தான் கூடுதல் எண்ணெய் வேண்டும், சூடேறியதும் நானே இறுக்கிவிடுகிறேன் என்றேன். ஆனால் துரையிடம் அவரே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றும் கேட்டேன். தலையாட்டினார்.

மறுநாள் காலை பனி கொட்டிக் கிடந்தது. இஞ்சின் பிடித்தது. சூடேறியதும் திருகாணியை இறுக்கினேன், புகையும் அடங்கியது. துரை வந்தார். டீமேக்கர் என் பக்கத்தில்தான் நின்றார்.

"நான் மிரட்டினப்புறம் நல்லா ஓடுது," என்றார் துரை.

நான் டீமேக்கரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொழுந்தைப் பார்க்க வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டார். நானே சொன்னால் துரை யாரை நம்புவார் என்பது எனக்குத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு இஞ்சின் ஒருநாளும் நிற்கவில்லை. என் வேலையும் போகவில்லை. ஆனால் துரை சீமைக்குத் திரும்பிய பின் வந்த புதுத் துரை, முதல் நாளே இஞ்சின் அறைக்குள் நுழைந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழைய துரை சொல்லிட்டுப் போன அந்த ஆள் இவன்தானா?" என்று டீமேக்கரிடம் கேட்டார்.

"ஆமாங்க தொர, இவன்தான் இஞ்சின் டிரைவர்," என்றார் டீமேக்கர்.

துரை கேட்டது அதை அல்ல என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.